பாலின் ஆயுள்

நெல்லைக் குதிரிலிட்டு ஆண்டுக்கணக்காக வைத்துக் கொள்ளலாம். புளியும் உப்பும் பழமையால் சிறப்பெய்துவன. பாலோ அத்தகைய பொருளன்று. காலையில் கறந்த பாலை மாலைவரை காப்பதே நம் நாட்டு வெயிலில் ஒரு கலையாக இருந்துவந்தது. தாய்மார் அதனைக் காய்ச்சியும், உறையூற்றியும், கடைந்தும், உருக்கியும் அதன் ஆயுளை நீட்டிக்கப் பற்பல வழிகளைக் கண்டனர். இக்காலத்திலோ பாக்கெட்டிற் பொறித்த தேதியொன்றைப் பார்த்துவிட்டு, அதற்குமேல் ஆராய வேண்டுவது ஒன்றுமில்லை என அமைகின்றோம். இவ்வமைதி தகுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்தற்கு ஏற்ற இடமாகத் திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம்.

அந்நகரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. செங்கம், போளூர், தண்டராம்பட்டு முதலிய சுற்றுப்புறங்களிலெல்லாம் கறவை மாட்டை நம்பி வாழும் குடும்பங்கள் பல. பாலைத் தருவோர் இவ்வாறு சூழ்ந்திருக்க, பாலை வேண்டுவோர் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கில் வந்து சேர்கின்றனர். மலையைச் சுற்றிய வழி 14 கிலோமீட்டர். அவ்வழி நெடுகத் தேநீர்க் கடைகளும் பால் கடைகளும் இரவெல்லாம் விழித்திருக்கின்றன. சித்திரைப் பௌர்ணமியிலோ, பகல் முழுதும் பாறை குடித்த வெப்பத்தை மலை இரவிலும் வெளிவிட்டுக் கொண்டிருக்கும். பாலுக்கு இதைவிடக் கடுமையான தேர்வை வேறு எங்கும் காண்பது அரிது. ஆதலின் அங்கே பால் தேறுமாயின் எங்கும் தேறும் எனலாம்.

முதற்கண், பால் ஏன் கெடுகின்றது? மடியினின்று இறங்கும்போது அதன் வெப்பம் ஏறத்தாழ நம் உடலின் வெப்பமே. சர்க்கரையும் புரதமும் நீரும் கலந்த அவ்விளஞ்சூட்டு உணவு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கு விருந்து போன்றது. கறப்போர் கையினின்றும், மடியினின்றும், பாத்திரத்தினின்றும் அவை பாலிற் புகுகின்றன. அரைமணிக்கு ஒருமுறை அவை இரட்டிப்பனவாகக் கொள்வோம். ஒன்றாகப் புகுந்தது ஆறு மணி நேரத்தில் 4,096 ஆகும். நூறாகப் புகுந்ததோ நான்கு இலட்சத்தைக் கடந்துவிடும். எனவே தூய்மையற்ற பாத்திரத்திற் கறந்த பால் மணிக்கணக்கில் தன் ஆயுளை இழந்தே தொடங்குகின்றது என்பது வெறும் கணக்கினாலேயே விளங்கும். அந்நுண்ணுயிர்களுட் பல, பாலிலுள்ள சர்க்கரையை உண்டு புளிப்பை உமிழ்கின்றன. அப்புளிப்பு ஓர் அளவை எட்டியதும் புரதம் திரளுகின்றது. அதனையே பால் திரிந்தது என்கிறோம். காய்ச்சும்போது திரியும் பால், காய்ச்சுதற்கு முன்னரே கெட்டிருந்தது என்றறிக, நெருப்பு அதனைக் கெடுக்கவில்லை, வெளிப்படுத்தியது, அவ்வளவே.

இனி, எவ்வகைப் பால் நெடுநேரம் நிற்கும் என்னும் வினாவுக்கு வருவோம். பசுவின்பால் விரைவிற் கெடும், எருமைப்பால் தாங்கும் என்றும், கொழுப்பு மிகுந்தது நிற்கும், நீர்த்தது நில்லாது என்றும் வழங்கும் பேச்சுக்கள் பல. இவற்றை நம்பி ஒழுகுதல் நன்றன்று. நம் நாட்டுச் சட்டப்படி இருமுறை சமன்செய்த பாலில் கொழுப்பு 1.5 விழுக்காடு, சமன்செய்த பாலில் 3, நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6 விழுக்காடு இருத்தல் வேண்டும். சமன்செய்த பாலென்பது நம் நாட்டிலேயே தோன்றியது. 1940-களில் பம்பாயில் டி. என். குரோடி என்பார், கொழுப்பு மிகுந்த எருமைப்பாலோடு கொழுப்பெடுத்த பாற்பொடியும் நீரும் சேர்த்து, ஏழைக்கும் எட்டும் விலையில் அதனை அமைத்தார். இவ்வகைகளின் சுவை வேறு, விலை வேறு, கொழுப்பு வேறு. ஆயுள் மட்டும் பெரும்பாலும் ஒன்றே. பாலின் ஆயுளை வகுப்பன, அதற்குச் செய்த பக்குவமும், அதனை வைத்த குளிர்ச்சியும், அதனைத் தொட்டவற்றின் தூய்மையுமே என்பது நாம் முதலிற் கொள்ளத்தக்க உண்மை.

பக்குவங்கள் வருமாறு. கறந்தபடியே வைத்த பால் நம் கோடையில் நான்கைந்து மணிக்குமேல் நம்பத்தக்கதன்று. பாஸ்டர் முறையிற் பக்குவப்படுத்திய பால், செண்டிகிரேடு 72 பாகையில் 15 விநாடியோ, 63 பாகையில் அரைமணி நேரமோ சூடேற்றப்பெற்று, உடனே 4 பாகைக்குக் குளிர்விக்கப்பெறுவது. நோய்க்கிருமிகள் இதனால் மாள்கின்றன. ஏனைய நுண்ணுயிர்கள் அனைத்தும் மாள்வதில்லை. ஆகவே நாம் வாங்கும் பாக்கெட் பால் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் அளவில் நிற்கும்; வெளியில் வைத்தால் சில மணி நேரமே. மூன்றாவது, 135 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சில விநாடி வைத்து, கிருமியற்ற உறையிற் காற்றுப் புகாது அடைத்த பால். யு.எச்.டி. பால் எனப்படும் இது உறைக்கேற்பத் தொண்ணூறு நாளோ ஆறு மாதமோ குளிர்ப்பெட்டியின்றியே நிற்கும். ஆனால் உறையைப் பிரித்த நொடியே அச்சிறப்பு நீங்குகின்றது. அதன்பின் குளிரில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சித் தகரத்தில் அடைத்த பாலும், கொழுப்பெடுத்த பாற்பொடியும் ஏறத்தாழ ஓராண்டு நிற்பன. கொழுப்புள்ள பொடி காற்றுப்பட்டால் சிக்குவாடை கொள்ளுமாதலின், அதனினும் முன்னரே பயன்படுத்தத்தக்கது. பொடியை நீரிற் கரைத்துவிட்டாலோ அது மீண்டும் சாதாரணப் பாலே; ஒரு நாளுக்குமேல் அதனை வைத்தல் ஆகாது.

தாய்ப்பாலைப் பிழிந்து வைக்கும் வழக்கம் வேலைக்குச் செல்லும் மகளிரிடையே பரவிவருகின்றது. 25 பாகைக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரமும், குளிர்ப்பெட்டியில் நான்கு நாளும் அது நிற்கும் என மருத்துவர் கூறுவர். நம் ஊர் அறைகள் 25 பாகையில் நிற்பன அல்லவாதலின், அந்நான்கு மணியையும் நாம் முழுதாகக் கொள்ளலாகாது. தேங்காய்ப்பாலோ பெயரளவிற் பால். எனினும் பிழிந்து வைத்தால் பசுவின் பாலுக்குச் சிறிதும் பிற்படாத விரைவிற் கெடுவது.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்கின், பாலைக் காக்கும் வழிகள் நான்கே எனத் தெரியவரும். வெப்பத்தால் நுண்ணுயிரைக் கொல்லுதல் ஒன்று. குளிரால் அதனை உறங்கச் செய்தல் ஒன்று. நீரை அகற்றி அதற்கு வாழ்வில்லாமற் செய்தல் ஒன்று. நல்ல புளிப்பை நாமே உண்டாக்கித் தீய நுண்ணுயிருக்கு இடங்கொடாமை ஒன்று. கடைசி இரண்டையும் நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மாலையில் உறையூற்றிய பெண்மணிக்கு நுண்ணுயிரின் பெயர் தெரியாது. எனினும், கெடப்போகும் பாலைத் தன் விருப்பப்படி ஒரு நல்வழியிற் புளிக்கவைத்தாள். திரட்டுப்பாலும் பால்கோவாவும் நீரை அகற்றும் வழியைச் சேர்ந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வழியின் முடிந்த நிலை நெய். கார்த்திகைத் தீபத்தன்று அண்ணாமலையின் உச்சியில் 2,668 அடி உயரத்திற் கொப்பரையில் ஏற்றி, பதினொரு நாள் எரிக்கப்பெறுவது ஆயிரக்கணக்கான கிலோ நெய்யாகும். ஒரு பொழுதுக்குமேல் நில்லாத பால், நீரை நீக்கியபின் மாதக்கணக்காக நின்று, மலையுச்சியில் மழையையும் காற்றையும் எதிர்த்து நிற்கின்றது. பாலின் ஆயுளைப் பற்றி இதனினும் தெளிவான பாடத்தை எந்தப் பள்ளியும் புகட்டவியலாது.

நிற்க. அறிவு இவ்வளவு இருந்தும் குறை எங்கே உளது என்று கேட்கலாம். வழியில் உளது என்பது நம் கருத்து. சிற்றூர்களிற் குளிர்விக்கும் தொட்டிகள் அமைந்திருக்கின்றன. வண்டிகள் குளிர் காக்குமாறு செய்யப்பட்டுள்ளன. பண்ணைகளில் இயந்திரங்கள் பிழையின்றி ஓடுகின்றன. கோடிக்கணக்கான பொருளைச் செலவிட்டு 4 பாகையிற் காத்துக் கொணர்ந்த பாலை, விடியற்காலையிற் கடை வாயிலில் பிளாஸ்டிக் கூடைகளில் இறக்கிச் செல்கின்றனர். கடைக்காரர் வந்து திறக்கும்வரை அது அங்கே கிடக்கின்றது. திறந்தபின்னும் ஏழு, எட்டு மணிவரை வாடிக்கைக்காரர் கண்ணிற் படும் பொருட்டு வெளியிலேயே இருக்கின்றது. வாங்கியவர் கைப்பையிலிட்டு, காய்கறிக் கடைக்கும் அஞ்சல் நிலையத்திற்கும் சென்று, வெயில் ஏறியபின் வீடு சேர்கின்றார். பாக்கெட்டிற் பொறித்த தேதி, குளிரில் வைக்கப்பட்ட பாலுக்கு எழுதியது. கூடையிற் கிடந்த பாலுக்கு அத்தேதி பொருந்துமா? மருத்துவர் ஒருவர், மருந்துண்டு பத்தியம் காத்தால் நலமடைவாய் என்று எழுதிக்கொடுத்த சீட்டை, மருந்தும் உண்ணாது பத்தியமும் காவாது தலையணைக்கடியில் வைத்து உறங்குவது போன்றதே இது.

பௌர்ணமி இரவில் இக்குறை பன்மடங்காகின்றது. ஒரு நாளைக்கு முப்பது பாக்கெட் விற்கும் கடை அன்றிரவு முந்நூறு விற்கின்றது. முப்பதுக்கு அமைந்த குளிர்ப்பெட்டியில் முந்நூறு அடங்குவதெங்ஙனம்? எஞ்சியவை தரையிற் கிடக்கின்றன. அன்பர் பலர் அறங்கருதிக் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பால் வழங்குகின்றனர். மாலையிற் காய்ச்சி அண்டாவில் மூடிய பால் நள்ளிரவில் இளஞ்சூடாய் இருக்கின்றது. அவ்விளஞ்சூடுதான் ஆபத்து. காய்ச்சுதலினால் மாளாத சில நுண்ணுயிர் விதைகள் அச்சூட்டில் விழித்தெழுந்து பெருகுவன. புளிப்பை உண்டாக்குவன காய்ச்சியபோதே மாண்டுவிட்டமையால் அப்பால் புளிப்பதுமில்லை. நாவிற்கும் மூக்கிற்கும் குறை தோன்றுவதில்லை. உண்டவர் வயிறு மறுநாள் அதனை அறிகின்றது. இங்கே மனத்திற் கொள்ளத்தக்க விதி மிக எளியது: பால் 60 பாகைக்குமேற் சுட்டுக்கொண்டிருக்க வேண்டும், அல்லது 5 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும், இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் நெடுநேரம் இருத்தல் கூடாது. அடுப்பிற் கொதித்தபடியே உள்ள தேநீர்க்கடைப் பால், பார்வைக்கு எளியதாயினும், மூடி அலங்கரித்த அண்டாப் பாலினும் நம்பத்தக்கது.

ஈண்டு ஒரு மறுப்பை எதிர்நோக்குகின்றோம். "கறந்த பாலை அன்றன்றே வாங்கிக் காய்ச்சிக் குடித்த நம் பாட்டன்மார் நலமாக வாழ்ந்தனரல்லரோ? ஆறு மாதம் கெடாத பாலில் ஏதேனும் மருந்து கலவாமலா இருக்கும்?" என்பர் பலர். முதற்பகுதிக்கு நாம் முற்றும் எதிரி அல்லேம். கண்ணெதிரே தூய பாத்திரத்திற் கறந்து, உடனே வீட்டிற்குக் கொணர்ந்து, பொங்கக் காய்ச்சிய பாலுக்கு இணை ஏது? இரமணாசிரமத்தில் 1926-ஆம் ஆண்டு வந்து சேர்ந்து, 1948-ஆம் ஆண்டு மறைந்த இலட்சுமி என்னும் பசுவின் சமாதியை இன்றும் காண்போர், பசுவும் மனிதரும் ஒரு வளவில் வாழ்ந்த நிலையை ஒருவாறு உணர்வர். ஆனால் பசு கொல்லையிலும் குழந்தை திண்ணையிலும் இருந்த காலத்துக்குப் பொருந்திய வழி, பசு செங்கத்திலும் குழந்தை சென்னையிலும் இருக்கும் காலத்துக்குப் பொருந்தாது. பாட்டன்மாருள் நலமாக வாழ்ந்தோரையே நாம் நினைக்கின்றோம். பாலால் வந்த கழிச்சலில் மாண்ட மகவுகளை நினைப்பாரில்லை.

இரண்டாம் பகுதி முழுதும் தவறு. யு.எச்.டி. பாலில் கெடாமைக்கென மருந்து எதுவும் சேர்க்கப்படுவதில்லை. சேர்த்தல் சட்டத்துக்கும் மாறு. மிக்க வெப்பமும், கிருமியற்ற உறையுமே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். 1961-ஆம் ஆண்டளவில் டெட்ரா பேக் நிறுவனத்தார் அத்தகைய உறையில் பால் அடைக்கும் இயந்திரத்தை வெளியிட்டனர். அப்பாலிற் சில வைட்டமின்கள் சிறிது குறைகின்றன, சுவையில் காய்ச்சிய வாடை தோன்றுகின்றது, விலையும் மிகுதி, உறை மக்காமல் வழியோரத்திற் குவிகின்றது. இக்குறைகளை மறைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் சுண்ணமும் புரதமும் குறைவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னை வெள்ளத்தில் ஆழ்ந்து பால் வினியோகம் தடைப்பட்டபோது, குழந்தையுள்ள வீடுகள் பட்ட பாட்டை மறந்தோமா? 2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு இடிந்து வீட்டின்மேல் விழ, ஏழு உயிர்கள் மாண்டன. இத்தகைய நாள்களில் தெருவுக்கு வண்டி வாராது, மின்சாரமும் நில்லாது. அப்போது குளிர்ப்பெட்டி ஓர் அலமாரியே. ஆதலின் நாடோறும் புதிய பாலும், இடருக்கென ஓரிரண்டு உறை நீடித்த பாலோ சிறிது பாற்பொடியோ ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் நன்று என்பது நம் துணிபு.

அஞ்சத்தக்கது வேறொன்று. புளிக்கத் தொடங்கிய பாலிற் சோடாவைக் கலந்து புளிப்பை மாற்றுவதும், ஃபார்மலின், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றைத் துளியளவு சேர்த்து ஆயுளை நீட்டுவதும் தீயோர் செயல். புளிப்பு என்பது பாலின் வாய்மை. தான் கெட்டதைத் தானே சொல்லும் பொருள் பால். அவ்வாயைச் சோடாவினால் அடைப்பவன், நுண்ணுயிரை ஒழித்தானல்லன், சாட்சியையே ஒழித்தான். வெளுத்ததெல்லாம் பாலென்று நம்பும் பழமொழி மாந்தர் நாமாக இருத்தல் ஆகாது. அதே வேளையில், நாட்டிலுள்ள பாலெல்லாம் நஞ்சு என்று அலறுவதும் முறையன்று. இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் 2018-ஆம் ஆண்டு 1,103 ஊர்களில் எடுத்த 6,432 மாதிரிகளுள், உயிருக்கு ஊறு செய்யும் கலப்படம் காணப்பட்டவை 12 மட்டுமே. ஆனால் தீவனத்திற் பூத்த பூஞ்சையால் பாலிற் சேரும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு 368 மாதிரிகளில் வரம்பு கடந்திருந்தது. இந்நஞ்சு காய்ச்சினாலும் போகாது. ஈரம் படாது காத்த தீவனத்தால் மட்டுமே நீங்குவது. ஆகவே பாலின் நலம் மாட்டுக்கிடும் வைக்கோற்போரிலிருந்தே தொடங்குகின்றது என்க.

இவ்வாயுட் கணக்கில் குடிப்போரின் வயிறு மட்டுமன்று, கறப்போரின் வாழ்வும் அடங்கியுள்ளது. பொறுக்காத பொருளை விற்பவன் பேரம் பேச வல்லனல்லன். "இவ்விலைக்குத் தாரேன்" என்று நெல்லுக்குடையவன் வீட்டிற்குத் திரும்பலாம். பாலுக்குடையவன் திரும்பினால் மாலையில் அவன் பாத்திரத்தில் இருப்பது திரிந்த பால். குஜராத்தின் கெய்ரா மாவட்டத்து உழவர் பம்பாய்க்குப் பால் அனுப்பிய நாளில், இடைநின்ற வாணிகர் விலையைக் குறைத்ததற்கு இவ்வியலாமையே துணை. அவ்வுழவர் 1946-ஆம் ஆண்டு கூடித் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். 1955-ஆம் ஆண்டு ஆனந்தில் எழுந்த ஆலையில் எருமைப்பாலையும் பொடியாக்கத் தொடங்கியபின், மழைக்காலத்து மிகுபால் கோடைக்குச் சேமிப்பாயிற்று. சென்னையை அடுத்த அயனாவரத்திற் பாற்கூட்டுறவு 1920-களிலேயே தோன்றியது. இன்று ஆவின் என்னும் பெயரால் நாமறிந்த தமிழ்நாட்டு இணையம் 1981-இல் அமைந்தது. பாலுக்கு ஒரு நாள் கூடுதலாக ஆயுள் தருவது, அதனைக் கறந்த ஏழைக்கு ஒரு நாள் கூடுதலாகத் துணிவு தருவதாகும்.

திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியின் பெயரை அறியாதார் இரார். அப்பெயருக்குரிய டென்மார்க்கு தேசத்தின் வரலாறும் ஈண்டுப் பயன்படும். கூட்டுறவுப் பாற்பண்ணை அந்நாட்டிற் சிற்றூர் ஒன்றில் 1882-ஆம் ஆண்டு தொடங்கிற்று. பலர் வீட்டுப் பால் ஒன்றாகக் கலந்தமையால், ஒரு மாட்டின் க்ஷயநோய் பல மாடுகளுக்குப் பரவும் இடர் நேர்ந்தது. அந்நாட்டார் பண்ணையை மூடிவிடவில்லை. கன்றுகளுக்குத் திருப்பியனுப்பும் கொழுப்பெடுத்த பாலைச் சூடேற்றியே அனுப்புதல் வேண்டும் என 1898-இற் சட்டம் செய்தனர். மனிதக் குழந்தைகளுக்காக நியூயார்க் நகரில் நேதன் ஸ்டிராஸ் என்னும் வணிகர் 1893-ஆம் ஆண்டு பக்குவப்படுத்திய பால் வழங்கும் நிலையத்தைத் தம் செலவிலேயே திறந்தார். அவர் காலத்திலும் "சூடேற்றிய பால் உயிரற்ற பால்" என இகழ்ந்தோர் இருந்தனர். இன்று அவ்விகழ்ச்சியை நினைப்பாரில்லை. பிழைத்த குழந்தைகளின் வழித்தோன்றல்கள் உளர்.

முடிவாக நாம் வேண்டுவன சில. திருவண்ணாமலை மாநகராட்சியாரும் கோயில் நிர்வாகத்தாரும், கிரிவலப் பாதையிற் பால் விற்போர்க்கும் வழங்குவோர்க்கும் பௌர்ணமி நாள்களில் ஐஸ் பெட்டிகளை வாடகைக்கேனும் தருவாராக. அலங்கார விளக்குகளுக்காகும் செலவில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதும். கடைக்காரர், கூடை இறங்கிய அரைமணிக்குள் பாக்கெட்டுகளைக் குளிரில் வைப்பாராக. இல்லத்தரசிகள், ஏனைய பொருள்களை வாங்கி முடித்தபின் இறுதியிற் பாலை வாங்கி நேரே வீடு சேர்வாராக. குளிர்ப்பெட்டியின் கதவுப்புறம் அடிக்கடி திறப்பதால் வெப்பம் ஏறுமிடம். ஆகவே பாலை உள்தட்டில் வைப்பாராக. காய்ச்சிய பால் ஆறியதும் அதனையும் அங்கேயே வைப்பாராக. பழைய பாலிற் புதிய பாலை ஊற்றுதல் ஒருபோதும் ஆகாது. துளி நஞ்சு குடம் பாலைக் கெடுத்த கதையாகும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். நம் இரசாயனச் சாலையில் மெதிலீன் நீலம் என்னும் சாயம் இருக்கின்றது. காய்ச்சாத பாலில் அதனைச் சிறிது கலந்து இளஞ்சூட்டில் வைத்தால், நுண்ணுயிர் மிகுந்த பாலில் நீலநிறம் அரைமணிக்குள் மறையும். நல்ல பாலில் ஐந்து மணிக்கு மேலும் நிற்கும். இதற்குப் பெருஞ்செலவில்லை, பேரறிவும் வேண்டுவதில்லை. விடுதிக்கு வரும் பாலையும், வாயிலிலுள்ள கடைப் பாலையும் திங்கட்கொருமுறை இவ்வாறு சோதித்து, பழி தூற்றும் எண்ணமின்றி, முடிவைக் கடைக்காரரிடமே முதலிற் கூறுவீராக. கடையிற் பால் வாங்கும்போது, "இது எப்போது இறங்கியது? எங்கே வைத்திருந்தீர்?" என்னும் இரு வினாக்களைப் பணிவோடு கேட்பீராக. கேட்பவர் ஒருவராயின் கடைக்காரர் நகைப்பார். பதின்மராயின் கூடையை உள்ளே எடுத்து வைப்பார்.

பாலின் ஆயுளை அச்சிட்ட தேதி கூறிவிடும் என்று நாம் கருதிவந்தோமாயின், அது பாதி உண்மையே. மறு பாதி, கறப்பவர் கையிலும், கொணர்பவர் வண்டியிலும், விற்பவர் கடையிலும், வாங்குபவர் வீட்டிலுமாகப் பிரிந்து கிடக்கின்றது. இந்நால்வருள் ஒருவர் சோர்ந்தாலும் ஏனை மூவர் முயற்சியும் வீணாகும். நால்வரும் விழித்திருப்பின், வரும் சித்திரைப் பௌர்ணமியில் தந்தையின் தோளில் உறங்கி மலைவலம் வரும் குழந்தை, நள்ளிரவில் விழித்துப் பால் கேட்குங்கால், அதற்குத் தருவது நல்ல பால் என்னும் உறுதி தாய்க்கு உண்டாகும்.